உறவுமுறைக் கட்டத்தில் நான் எழுதிய பொய்

வடமதுரைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் வருவாய் ஆய்வாளர் சுகன்யா போன வாரம் என்னைப் போனில் பிடித்தாள். "மேடம், ரெண்டு ஆம்பளைங்க ஒரே ரேஷன் கார்டு கேட்டு வந்திருக்காங்க. ஒண்ணா வாழுறோம்ங்கிறாங்க. நீங்க ஏதோ விசாரணைக் குழு முன்னாடி போயிப் பேசுனீங்களாம்ல? உறவுமுறைக் கட்டத்துல நான் என்ன எழுத?" என்றாள்.

"அவங்க என்ன சொல்றாங்களோ அதை எழுது. அண்ணன் தம்பின்னு மட்டும் எழுதித் தொலைச்சிறாத!" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோய் போனை வைத்துவிட்டாள். கோபம் அவள் மேல் இல்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெயமேரி மேல். அந்த ஜெயமேரி நான்தான். சுகன்யாவிடம் கத்தியதற்குப் பரிகாரமாக முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிய கதையில்லை. தேர்வு எழுதினேன், தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர் ஆனேன். நில அளவைப் பயிற்சியில் வெயிலில் சங்கிலி பிடித்துக் கறுத்தேன். தேர்தல், வெள்ளம், வறட்சி என்று எல்லாவற்றுக்கும் ஓடினேன். பிறகு வருவாய் ஆய்வாளர் ஆனதும் வடமதுரை வட்டாரத்தில் எல்லோருக்கும் 'ஆர்.ஐ. அம்மா' ஆகிவிட்டேன். வாய் கொஞ்சம் நீளம் என்ற பேரும் கூடவே வந்தது. அது பொய்யில்லை.

அப்போது ரேஷன் கார்டுக்கு வீடு வீடாகப் போய் விசாரிக்கும் வேலை என்னுடையது. வழங்கல் பிரிவில் என் மேலதிகாரி காதர் சார். திண்டுக்கல் டவுன்காரர். எந்த அறிக்கையையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு நேரே பிடித்துப் படிப்பார். படித்து முடித்ததும் ஒரே கேள்வி: "நேர்ல பாத்தீங்களா?" ஆமாம் என்றால் கையெழுத்து. அரை நொடி தயங்கினால் போதும், தாள் நம் கைக்கே திரும்பி வந்துவிடும். கோபம் வந்தால் சத்தம் குறையும், மரியாதை கூடும். "போயிட்டு வாங்கம்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

ரேஷன் கார்டு விசாரணையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அடுப்பு. ஒரு வீட்டில் ஒரு சமையல் என்றால் ஒரு குடும்பம், ஒரு கார்டு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு கார்டு. கார்டுக்காகவே பொய்யாக இரண்டாவது அடுப்பு வைத்திருப்பார்கள். விரலை வைத்துப் பார்த்தால் சாம்பல் பழைய சாம்பலாக இருக்கும். இதிலெல்லாம் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

பாக்கியமும் செல்வராணியும் கார்டு கேட்டு மனு போட்டபோது அப்படித்தான் போனேன். இரண்டு பேரும் நூல் மில்லில் வேலை பார்த்தபோது விடுதியில் பழகியவர்கள். பிறகு மில்லை விட்டுவிட்டு வடமதுரையில் ஒரு வீடு பிடித்துத் தையல் கடை போட்டார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் அவர்களிடம்தான் தைப்பார்கள். பாக்கியம் மூத்தவள், அதிகம் பேச மாட்டாள். செல்வராணி வாயாடி. போன உடனே, "ஆர்.ஐ. அம்மா, காபியா மோரா?" என்றாள். வீட்டுக்குள் ஓர் அடுப்பு, ஒரு கட்டில், சுவரில் மாலை மாற்றிக்கொண்ட போட்டோ. எனக்குக் கண் தெரியாதா?

"நீ குடும்பத் தலைவி. இவ ஒனக்கு என்ன உறவு?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழுறோம்மா. அம்புட்டுத்தேன்," என்றாள்.

"அது தெரியுது. கட்டத்துல என்ன எழுத? தங்கச்சின்னு போடவா?"

"தங்கச்சி இல்லம்மா."

"ஏத்தா, ஒனக்குக் கார்டு வேணுமா வேணாமா? வாயை மூடிக்கிட்டு இரு," என்று அதட்டிவிட்டு, 'தங்கை' என்று எழுதினேன். செல்வராணி சிரித்தாள். பாக்கியம் சிரிக்கவில்லை. எனக்கோ மனசுக்குள் பெருமை. வேறு எவனாவது வந்திருந்தால் மனுவைத் தள்ளியிருப்பான், நான் நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். காதர் சார் ஜன்னலோரம் நின்று படித்துவிட்டு, "நேர்ல பாத்தீங்களா?" என்றார். "பாத்தேன் சார்," என்றேன். பார்த்தது உண்மைதான்.

எங்கள் துறையில் இது எல்லோரும் செய்கிற வேலை. படிவத்தில் இடமில்லாத மனுஷர்கள் வந்தால் இருக்கிற கட்டத்துக்குள் அவர்களை மடக்கித் திணிப்போம். சித்தி மகள், ஒன்றுவிட்ட தம்பி, தூரத்துச் சொந்தம். இரக்கப்பட்டு எழுதுவதுதான். எழுதிவிட்டு மறந்தும் போவோம்.

நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது பாக்கியம் தாலுகா ஆபீசுக்கு என்னைத் தேடி வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். செல்வராணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம். இரண்டு வருடமாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் குடிக்க வேண்டும். பாக்கியத்தின் சிறுநீரகம் பொருந்துகிறது என்று மதுரையில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கொடுக்க இவள் தயார். ஆனால் ஃபைல் திரும்பி வந்துவிட்டது.

ஏன் என்று கேட்டேன். பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல தங்கச்சின்னு இருக்கு. ஆதார்ல ரெண்டு பேருக்கும் அப்பா பேரு வேற, ஊரு வேற. கூடப்பொறந்தவ மாதிரி பொய்க் கார்டு தயார் பண்ணி கிட்னி விக்க வந்திருக்கேன்னு சொல்றாகம்மா. போலீசு விசாரணை வைக்கணுங்கிறாக. அவ ஒடம்பு அதுவரைக்கும் தாங்காது."

புருஷன் பெண்டாட்டியாக இருந்திருந்தால் ஒரு கல்யாணச் சான்றிதழோடு வேலை முடிந்திருக்கும். இவர்களுக்குச் சட்டத்தில் அந்த வாசல் இல்லை. நெருங்கிய உறவில்லாதவர்கள் தானம் கொடுக்க ஒரு தனி அனுமதிக் குழு உண்டு. பாசத்தினால் கொடுக்கிறார்கள் என்று அங்கே நிரூபிக்கலாம். அந்த வாசலையும் நான் எழுதின ஒரு வார்த்தை அடைத்துவிட்டது.

"நீங்க எழுதுனதுதானம்மா. ஒரு லெட்டர் குடுங்களேன்," என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் ரிட்டயர் ஆகப்போறேன் பாக்கியம்," என்று சொன்னேன். இதை எழுதும்போது கூசுகிறது. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓய்வு பெறுகிற நாள் சாயங்காலம் கையில் சஸ்பென்ஷன் உத்தரவோடு நின்றவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொய் அறிக்கை கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுப்பதா? அப்போதெல்லாம் எனக்கு அந்தப் பயம்தான் கனவில் வந்துகொண்டிருந்தது.

பாக்கியம் கோபப்படவில்லை. கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "திண்டுக்கல்லுல ஏதோ விசாரணைக் குழு உக்காருதாம். எங்கள மாதிரி ஆளுகளுக்குச் சட்டத்துல என்னென்ன இல்லன்னு கேக்குறாகளாம். போயிப் பேசப்போறேன். ஒங்க பேரச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. யாரோ எழுதுனாகன்னு சொல்லிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பயப்படாதீங்க என்றாள் பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கணக்கு வாத்தியார், அளந்து பேசுபவர். "போனா பென்ஷன் போகலாம். போகாட்டி அந்தப் பொண்ணு போயிரும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். வாழ்க்கையில் அபூர்வமாக அவர் சொன்னதை நான் எதிர்த்துப் பேசவில்லை.

விசாரணை ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒரே பாலினத்தில் துணையாக வாழ்கிறவர்களுக்குச் சட்டத்திலும் அரசு விதிகளிலும் எங்கெங்கே பாகுபாடு இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிற குழு அது. மேடையில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற பெண் நீதிபதி. வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் எண்ணை மட்டும் சொல்லலாம். ஆளுக்குப் பத்து நிமிடம். சுருக்கெழுத்துக்காரர் ஒருவர் வார்த்தை விடாமல் எழுதினார். துறைகள் சார்பில் ஆள் அனுப்பச் சொல்லியிருந்ததால் கடைசி வரிசையில் காதர் சார் உட்கார்ந்திருந்தார். இந்த இடைவெளியில் அவர் எங்கள் தாலுகாவுக்கே தாசில்தாராக வந்துவிட்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

பாக்கியம் தன் பெயரைச் சொல்லியே பேசினாள். சுருக்கமாகப் பேசினாள். குழுவில் இருந்த ஒருவர், கடுகடுவென்ற முகம், கார்டு நகலைத் தூக்கிக் காட்டினார். "தங்கைன்னு இருக்கே. அரசாங்கத்தை ஏமாத்தித்தானே இந்தக் கார்டை வாங்கியிருக்கீங்க? உங்க பேச்சை எப்படி நம்புறது?"

பாக்கியம் மைக்கைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். என் பெயரைச் சொன்னால் போதும், அவள் மேல் இருக்கிற பழி போய்விடும். சொல்லவில்லை. மண்டபம் முழுக்க அவளைப் பார்க்கிறது.

"அய்யா, அந்தப் பொண்ணு யாரையும் ஏமாத்தல," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "அதை எழுதுனது நானு. எம்பேரு ஜெயமேரி, வருவாய் ஆய்வாளர்."

டோக்கன் இல்லாமல் பேசக் கூடாது என்றார் ஓர் ஊழியர். தலைவர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "முன்னாடி வந்து பேசுங்கம்மா. நீங்க சர்வீசுல இருக்கீங்க, யோசிச்சுப் பேசுங்க," என்றார்.

"பன்னெண்டு வருசம் யோசிக்காம இருந்துட்டேம்மா, இனிமே எதுக்கு?" என்றேன். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அன்று நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் தங்கச்சி இல்லை என்று சொன்னதையும், நான் வாயை மூடு என்றதையும். "அவ உண்மையைச் சொன்னா. உண்மையை எழுத எங்க படிவத்துல எடமில்ல. அதனால பொய்ய எழுதுனேன். எனக்கு அது எரக்கம். இன்னிக்கு அந்தப் பொய்யி ஒரு உசுரு மேல ஏறி உக்காந்திருக்கு."

முன்வரிசையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், "இந்தப் பழக்கமெல்லாம் நம்ம திண்டுக்கல் பக்கம் கிடையாதும்மா," என்றார்.

"ஏன் கிடையாது? பஸ் ஏறி வடமதுரைக்கு வாங்க, ஒங்க பேரனுக்கு டவுசர் தச்சுக் குடுத்ததே அவளுகளா இருக்கும்," என்றேன். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னேன்: "இந்தப் பெரியவரு மேல தப்பில்லம்மா. தப்பு எங்க மேல. ஒவ்வொரு தாலுகா ஆபீசுலயும் என்னய மாதிரி ஒரு எரக்கக்காரி இருக்கா. தங்கச்சி, சித்தி மகன்னு எழுதி எழுதி நாங்களே இவங்கள மறைச்சுட்டோம். காகிதத்துல இல்லாததால இப்படி யாருமே இல்லன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க. எனக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. அந்தக் கட்டத்த மாத்துங்க."

கடுகடு முகக்காரர் கார்டு நகலைக் கீழே வைத்துவிட்டார். தலைவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "நாங்க உத்தரவு போட முடியாது. அறிக்கைதான் கொடுக்க முடியும். ஆனா இந்தப் பெண்ணுக்கு அறிக்கை வர்ற வரைக்கும் நேரமில்லை. இவங்க உண்மையில என்ன உறவுன்னு வருவாய்த்துறை இப்ப எழுதித் தர முடியுமா? யாராவது வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். காதர் சார் எழுந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "எழுதித் தரலாம்மா," என்றார் மெதுவாக. "ஆனா நேர்ல போயிப் பாத்துட்டுத்தான் தருவேன். நாளைக்குக் காலையில போறேன்." பாக்கியம் மைக்கைக் கீழே வைக்காமலேயே அழுதாள். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் காதர் சார் என்னையும் ஜீப்பில் வடமதுரைக்குக் கூட்டிப்போனார். தெருவில் இறங்கியதும், "நீங்க கேளுங்க, ஜெயமேரி. நான் எழுதுறேன்," என்றார். தாசில்தார் எழுத ஆர்.ஐ. கேட்பது என்பது கேள்விப்படாத கூத்து. சாட்சிகளைத் தனித்தனியாக விசாரித்தோம். பதிலை நம் வாயால் எடுத்துக் கொடுக்கக் கூடாது, சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டி ஒப்பம் வாங்க வேண்டும். அந்த முறைகளில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாளிடம், "இவுக ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று கேட்டேன்.

"ஏத்தா, இம்புட்டு வருசமா தெருவே பாத்துக்கிட்டு இருக்கு, இதைக் கேக்க ஜீப்பு எடுத்துட்டு வரணுமாக்கும்? புருசன் பொண்டாட்டி மாதிரித்தேன் இருக்காளுக. சண்டையப் பாத்தாலே தெரியாதா? அக்கா தங்கச்சி எங்கயாவது இப்படிச் சண்டை போட்டு இப்படி ராசியாவாகளா?"

காதர் சார் ஒரு எழுத்து விடாமல் அதை எழுதி, திரும்பப் படித்துக்காட்டினார். "சரியாத்தேன் எழுதியிருக்கீக," என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுக் கைநாட்டு வைத்தாள் பேச்சியம்மாள். அவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரும் அதையேதான் சொன்னார். "மொதல்ல அக்கா தங்கச்சின்னு நெனச்சேன். ஒரு மாசத்துல புரிஞ்சிருச்சு. நமக்கென்ன, வீட்டை வீடா வச்சிருக்காக," என்றார். ஊருக்கே தெரிந்தது எங்கள் ஆபீஸ் காகிதத்துக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

செல்வராணி கட்டிலில் கிடந்தாள். முகம் ஊதியிருந்தது. அந்த நிலையிலும், "காபியா மோரா சார்?" என்றாள். காதர் சார் அடுப்படிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அடுப்பு ஒண்ணுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் பாக்கியம். அங்கேயே நின்றபடி எழுதினார்: இருவரும் பல ஆண்டுகளாக ஒரே சமையலில் இணையராக வாழ்ந்துவருவது நேர்விசாரணையில் தெரிகிறது, குடும்ப அட்டையில் உள்ள 'தங்கை' என்ற பதிவு விசாரணை அலுவலரின் பிழை, மனுதாரரின் பிழை அல்ல. கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு மெமோ வரும்மா," என்றார்.

"வரட்டும் சார்," என்றேன். அவர் குரல் மெதுவாக இல்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். எச்சரிக்கையோடு முடித்தார்கள். என் பணிப்பதிவேட்டில் இருக்கும் ஒரே கறை அதுதான். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எங்கள் மாதா கோயில் பங்கில், வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு வருகிற ஓர் அம்மா, "நீங்க போயி இதுக்கெல்லாம் பேசலாமா?" என்று கேட்டாள். "பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கட்டளையில இருக்குல்ல, அதைத்தான் போயிச் சொன்னேன்," என்றேன்.

குழுவின் அறிக்கை பிறகு வெளிவந்தது. என் வாக்குமூலம் என் பெயரோடு அதில் இருக்கிறது. உறவுமுறைக் கட்டத்தில் 'இணையர்' என்று எழுத இடம் வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். எல்லாம் மாறிவிடவில்லை, மாறவேண்டியது மலையளவு இருக்கிறது. ஆனால் கார்டு கேட்டு வருகிறவர்களை விரட்டாமல், என்ன எழுதட்டும் என்று சுகன்யா போன் செய்து கேட்கிறாளே, அதற்கே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அறிக்கை வருவதற்கு முன்பே, காதர் சார் கொடுத்த கடிதத்தைப் பார்த்து மதுரையில் அனுமதிக் குழு பாக்கியத்தையும் செல்வராணியையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டது. சரி என்று சொல்லிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பார்த்தால், நான் ஓய்வு பெறும் நாள்.

ஒரு மண்டபத்தில் எனக்குப் பணி நிறைவு விழா, கலெக்டர் ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மாலை, சால்வை, ஃபோட்டோ. காதர் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிலும் புத்தி இல்லை, கையில் போனையே பிடித்துக்கொண்டிருந்தேன். காலையிலேயே இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் தெரியும். ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டபோது, மைக் முன்னால் நிற்கும்போது, போன் அடித்தது. பேச்சியம்மாள். துணைக்கு மதுரைக்குப் போயிருந்தவள் அவள்தான். எடுத்துவிட்டேன். காதில் வைக்கத் தோன்றாமல் கை தவறி ஸ்பீக்கரை அழுத்தியிருக்கிறேன்.

"ஆர்.ஐ. அம்மோவ்!" என்று மண்டபம் அதிரக் கத்தினாள் பேச்சியம்மாள். "ரெண்டு வருசமா சொட்டு மூத்திரம் போகாதவ, கிட்னிய வச்ச ஒடனே ஒண்ணுக்குப் போயிட்டாளாம்! பை நெறஞ்சிருச்சாம்! டாக்டரு வெளிய வந்து சிரிக்கிறாரு! பாக்கியத்துக்கும் முழிப்பு வந்திருச்சு, கண்ணத் தொறந்ததும், 'அவ ஒண்ணுக்குப் போயிட்டாளா'ன்னுதேன் கேட்டாளாம்!"

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சால்வையும் மாலையுமாக, ஓவென்று அழுதேன். காதர் சார் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார். தாலுகா ஆபீஸ் மொத்தமும் எழுந்தது. என்ன ஏதென்று ஒன்றும் தெரியாத அந்தப் பெரிய அதிகாரியும் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினார்.